ஏழு பேர் பிடித்த சேலை

ஜூலை 1, செவ்வாய்

புது அட்டாக் கோச் வந்துவிட்டாள். பெயர் பெனிட்டா. வயது இருபத்தேழு. பெரம்பூர்க்காரி. புவனேஸ்வரில் இரண்டு வருடம் இந்திய ரக்பி முகாமில் இருந்தவளாம். பிரின்சிபல் மேடம் இதை என்னிடம் மூன்று தடவை சொன்னார்கள். நான் ஆறு வருடம் மாநில அணிக்குக் கபடி ஆடியவள். அதை அவர்கள் யாரிடமும் ஒரு தடவைகூடச் சொன்னதாக நினைவில்லை.

ஏற்பாடு இதுதான்: டிஃபென்ஸ் நான், அட்டாக் அவள். நான்கு வருடமாக இரண்டையும் நான் ஒருத்தியே பார்த்தேன். இந்தக் கல்லூரிப் பெண்களுக்கு ரக்பி பந்தை முதன்முதலில் காட்டியதே நான்தான். "இன்னா மேம், பந்த யாரோ நசுக்கிட்டாங்களா" என்று கேட்ட கூட்டம் இது. போன வருடம் மாநில ஃபைனல் வரைக்கும் போனோம். முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு பெரிது என்பார்கள், சரிதான்.

பொறாமை ஒன்றும் இல்லை. எழுதி வைத்துவிடுகிறேன்.

கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும்.

ஜூலை 3

மொத்தம் பதினான்கு பெண்கள். ஏழு பேர் அவளிடம், ஏழு பேர் என்னிடம். சனிக்கிழமைதோறும் எதிரெதிரே நின்று ஆட வேண்டும். போட்டிக்குப் போகும்போது பன்னிரண்டு பேர்தான்.

நான் என் சேலைப் பயிற்சியை வைத்தேன். இரண்டு பழைய நூல் சேலைகளை முடிச்சுப் போட்டு நீட்டி, ஏழு பேரும் ஆளுக்கொரு இடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். விசில் ஊதினால் ஐந்தடி முன்னால், மறு விசிலுக்கு ஐந்தடி பின்னால். எவளாவது முந்தினால் சேலை இழுபடும், பிந்தினால் தொய்யும். தடுப்பு வரிசையில் ஓர் ஆள் அளவுக்கு இடைவெளி விழுந்தால் போதும், எதிராளி அதற்குள் புகுந்து போய்விடுவாள். "வரிசை உடையக் கூடாது. என்ன நடந்தாலும் பக்கத்துல இருக்கிறவள விட்டுக் குடுக்கக் கூடாது." நான்கு வருடமாக இதைத்தான் சொல்கிறேன். சேலை கிழிந்தாலும் கிழியும், என் பெண்கள் கையை விடமாட்டார்கள்.

பெனிட்டா ஓரமாக நின்று பார்த்தாள். "சூப்பர் மேம். இத நான் எங்கயுமே பாத்ததில்ல" என்றாள். பாராட்டினாளா, கிண்டல் செய்தாளா தெரியவில்லை. பழைய சேலைதான் என்று சொல்லிவிட்டு மடித்து வைத்தேன்.

ஜூலை 8

இன்று அவளுடைய முறை. தண்ணீர் பாட்டில்களை வைத்து ஒரு கட்டம் போட்டாள். தாக்க இரண்டு பேர், தடுக்க ஒருத்தி. "அவ உன்மேல விழறதுன்னு முடிவு பண்ற வரைக்கும் பந்த நீயே வச்சுக்கோ. முடிவு பண்ணிட்டான்னு தெரிஞ்சதும் போட்டுடு." ரக்பியில் பந்தைப் பின்பக்கமாகத்தான் போட முடியும் என்பதால் கூட வருகிறவள் ஓர் அடி பிந்தி வர வேண்டும். பெண்கள் முதலில் பயத்தில் சீக்கிரம் போட்டார்கள். பிறகு டெல்ஃபின் செய்தாள். தடுக்க வந்தவளின் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஓடி, அவள் காலை ஊன்றிய நொடியில் பந்தைப் போட்டாள். தடுக்க வந்தவள் வெறும் காற்றின் மேல் விழுந்தாள்.

டெல்ஃபின் நான் கண்டுபிடித்த பெண். காசிமேட்டிலிருந்து கபடி ஆட வந்தவள். இரண்டு வருடம் என் சேலையில் நான்காவது ஆளாக நின்றவள். பயிற்சி முடிந்ததும் பெனிட்டாவிடம் ஓடிப்போய், "அக்கா, கரெக்டா அக்கா?" என்று கேட்டாள்.

நான்கு வருடமாக நான் மேம். எட்டு நாளில் அவள் அக்கா.

ஜூலை 16

அவளுக்குப் பிறந்தநாளாம். மைதானத்திலேயே கேக் வெட்டினார்கள். என் பிறந்தநாள் மே மாதம். கல்லூரி விடுமுறை.

ஜூலை 22

ஆட்டத்தின் நடுவே கூப்பிடுவதற்கு அவள் சங்கேதம் வைத்திருக்கிறாள், 'கால்ஸ்' என்கிறாள். எல்லாம் பெண்கள் வருகிற பஸ் நிறுத்தங்கள். 'டோல்கேட்' என்றால் பந்து இரண்டாவது ஆளைத் தாண்டி மூன்றாவது ஆளுக்குப் போகும். 'மின்ட்' என்றால் இரண்டு பேர் குறுக்கே ஓடி இடம் மாறிக்கொள்வார்கள். 'மணிக்கூண்டு' என்றால் பந்தைப் போட்டவளே பின்னால் சுற்றி வந்து மறுபடி வாங்குவாள். கூவுவது டெல்ஃபின். வெயிலில் தொப்பியோடு உட்கார்ந்து நான் இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரு கோச்சுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், அதற்காக.

முழங்காலில் தைலம் தேய்க்கும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், பெண்கள் மாறிவிட்டார்கள் என்று. அவர் செய்தித்தாளை இறக்காமலே, "நீ ஆடுற காலத்துலயும் டீமுக்குப் புதுசா எவ வந்தாலும் உனக்கு ஆகாது" என்றார். இந்த மனிதரிடம் ஒன்றைச் சொல்லக் கூடாது.

ஜூலை 29

பெனிட்டா போன வருட ஃபைனல் வீடியோவை லேப்டாப்பில் போட்டாள். பார்க்கலாமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாள். பார்க்க வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

போன வருடம் கோவை அணியிடம் தோற்றோம். கடைசி நிமிடம் வரை இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். எங்கள் கோட்டருகே அவர்கள் ஆளை, இப்போது என் ஏழு பேரில் இருக்கும் அமுலு அருமையாகச் சாய்த்தாள். நடுவர் எங்களுக்கு எதிராக விசில் ஊதினார். பெனால்ட்டி கொடுத்தார், அவர்கள் பந்தை எடுத்து ஓடி எங்கள் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி வாங்கிவிட்டார்கள். நடுவர் செய்த வேலை என்றுதான் ஒரு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

"நமக்கு எதிரா பதினோரு பெனால்ட்டி மேம்" என்றாள் பெனிட்டா. "அதுல எட்டு, டேக்கிள் பண்ணிட்டு ஆள விடாததுக்கு." எனக்கு அந்த விதி தெரியாதா? கபடியில் பிடித்தால் விசில் ஊதும் வரை விடக் கூடாது. ஏறி வந்தவள் மூச்சு அறுந்துபோக வேண்டும். ரக்பியில் ஆளைச் சாய்த்த கையோடு விட்டுவிட வேண்டும், எழுந்து நின்ற பிறகுதான் பந்தைத் தொடலாம். என் பெண்கள் பாதிப் பேர் கபடியிலிருந்து வந்தவர்கள். தெரிந்த விதி கைக்கு இறங்க நாளாகும்.

கடைசி நிமிடம் வந்தது. அமுலு சாய்த்தாள். அப்போது வீடியோவில் ஒரு பெண்குரல், தொண்டை கிழிய: "புடி அமுலு. விடாத. விடாத."

என் குரல். எனக்கே மறந்துபோயிருந்தது. மறந்துபோயிருந்தது என்றுதான் எழுத வேண்டும்.

 பெனிட்டா கை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் புதிதாக ஒன்று கற்றுக்கொடுத்தாள். ஆளைச் சாய்த்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு தட்டு, பிறகு எழுந்து பந்து. "நீ விட்டுட்டன்னு நடுவருக்கும் தெரியும், உன் கைக்கும் தெரியும்." நான், "இது என்ன, கும்மியா?" என்றேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் பிறகு என் ஏழு பேரில் ஒருத்தியும் கையைத் தட்டவில்லை. வீட்டுக்குப் போகும்வரை ஜெயித்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 1

மாதக் கடைசியில் திருச்சியில் மாநிலப் போட்டி. மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே ஒரு கோச்சுக்குத்தான் அனுமதி. ஒன்பதாம் தேதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு யார் என்று சொல்வதாகப் பிரின்சிபல் மேடம் சொன்னார்கள். மாநில முகாமுக்கு ஆள் எடுப்பவர்களும் திருச்சிக்கு வருகிறார்கள். டெல்ஃபினுக்கு இது கடைசி வருடம். முகாமில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு வழி உண்டு என்று அவளிடம் முதலாம் ஆண்டிலேயே சொன்னவள் நான்.

ஆகஸ்ட் 8

என் ஏழு பேரையும் தனியாக வைத்துக் கொஞ்சம் பேசினேன். எதிராளியைப் படிப்பது டிஃபென்ஸில் பாதி. டோல்கேட் என்று சத்தம் கேட்டால் மூன்றாவது ஆள் மேல் போ என்று சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. திருச்சியில் எதிரணி மட்டும் காதைப் பொத்திக்கொண்டா நிற்கும்?

இட்லி மாவு புளித்துவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

பெனிட்டாவின் ஏழு பேர் ஒரு தடவைகூடக் கோட்டைத் தொடவில்லை. பூஜ்யம். டெல்ஃபின் கூவி வாயை மூடுவதற்குள் என் பெண்கள் அந்த இடத்தில் நின்றார்கள். மூன்றாவது ஆள் பந்தை வாங்கும் முன்பே அமுலு அவள் இடுப்பில் இருந்தாள். பாதி ஆட்டத்துக்குப் பிறகு டெல்ஃபின் கூவுவதையே நிறுத்திவிட்டாள். பந்து கைக்கு வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

பிரின்சிபல் மேடம், "வடிவு, உங்க டிஃபென்ஸ் சுவர் மாதிரி இருக்கு" என்றார்கள். கயிற்றுக்குள்ளே நான்தான் நிற்பேன்.

வரும் வழியில் அவருக்குப் பிடித்த அல்வா வாங்கினேன். என்ன விசேஷம் என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 12

பெனிட்டா முட்டாள் இல்லை. வீடியோ எடுத்திருந்தாள். சத்தம் கேட்டதும் என் பெண்கள் எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று பார்த்திருக்கிறாள். "யாரோ கால்ஸ சொல்லியிருக்காங்க மேம்" என்றாள். நான் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அட்டாக் பெண்கள் அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். டெல்ஃபினும் அமுலுவும் ஒரே தெரு, ஒரே பஸ். தினமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள். டெல்ஃபின்தான் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார்கள். அவள், "நான் சொல்லல, சத்தியமா சொல்லல" என்று ஒவ்வொருத்தியாகப் பார்த்துச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் பந்துகளை எண்ணிப் பையில் போட்டேன். எட்டு இருந்தன.

 அவள் தன் அக்காவிடம் சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதுவதில் என்ன இருக்கிறது.

ஆகஸ்ட் 13

டெல்ஃபின் வரவில்லை.

ஆகஸ்ட் 14

பன்னிரண்டு பேர் பட்டியலைப் பெனிட்டா எழுதிக் கொண்டுவந்தாள். டெல்ஃபின் பெயர் இல்லை. "கேர்ள்ஸ் அவகிட்ட பந்தப் போட மாட்டேங்கிறாங்க மேம். நான் என்ன பண்ண? எனக்கே அவ சொல்லியிருப்பான்னு தோணல" என்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கோச் கையெழுத்து என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

மிக்ஸி ஜார் கசிகிறது. ரப்பர் மாற்ற வேண்டும். முழங்கால் வலி அதிகம். சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

விளையாட்டு அறையில் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். அமுலு வந்து வாசலிலேயே நின்றாள்.

"மேம், டெல்ஃபின் இனிமே கிரவுண்டுக்கு வர்லயாம். என்னான்ட பேசறதும் இல்ல. பஸ்ஸுல முன்னாடி போய்த் தனியா குந்திக்கிறா."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

பம்பை இன்னும் வேகமாக அழுத்தினேன்.

"பெனிட்டா அக்கா எங்க ஏழு பேரையும் தனித்தனியா கூப்ட்டுக் கேட்டாங்க மேம். ஒருத்தியும் வாயத் தொறக்கல. கிளாஸ்ல மத்தவங்களும் கேட்டாங்க, அப்பவும் சொல்லல. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, இன்னா ஆனாலும் லைன் உடையக் கூடாதுன்னு."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை இங்கே ஒளிக்கப் போவதில்லை. ஏழு பேரும் என் பக்கம். அவள் முகாமில் எத்தனை வருடம் இருந்தால் என்ன, எத்தனை பேர் அக்கா என்று கூப்பிட்டால் என்ன, இவர்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு நிமிடம் நெஞ்சு நிறைந்தது.

அமுலு போகத் திரும்பினாள். பிறகு நின்று, கதவுக் கொண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஆனா மேம், டெல்ஃபினும் நம்ப சேலையில நின்னவதான."

அவள் போன பிறகும் காற்று அடித்துக்கொண்டே இருந்தேன். பந்து கல் மாதிரி ஆகிவிட்டது. ஏழு பெண்களைப் பொய் சொல்ல வைத்திருக்கிறேன். அதற்கு நல்ல வரிசை என்று பெயரும் வைத்திருக்கிறேன். டெல்ஃபினை நான் பிடித்து வைத்திருந்த நாளெல்லாம் அவள் என் பெண். வேறொருத்தியிடம் போய்க் கற்றுக்கொண்டாள் என்றதும் எப்படிப் போனாலும் போகட்டும் என்று விட்டேன். பொறாமை இல்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

ஆகஸ்ட் 19

காலை ஆறு மணிக்குக் காசிமேடு போனேன். டெல்ஃபினின் அம்மா மீன் ஏலத்துக்குப் போயிருந்தாள். டெல்ஃபின் கதவைத் திறந்துவிட்டு உள்ளே வாங்க என்று சொல்லாமல் நின்றாள். "ஜெர்சியப் போட்டுட்டுக் கிரவுண்டுக்கு வா பிள்ள. யார் சொன்னாங்கன்னு எல்லாருக்கும் சொல்லணும்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "அமுலுவா?" என்றாள். "இல்ல. வா" என்றேன். பஸ்ஸில் அவள் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

பதினான்கு பேரையும் உட்காரச் சொன்னேன். பெனிட்டா நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னேன்: "கால்ஸ டெல்ஃபின் சொல்லல. நான் சொன்னேன். எட்டாம் தேதி சாயங்காலம் இதே இடத்துல வச்சு, மூணையும் சொன்னேன். இந்த ஏழு பேர்கிட்டயும் தப்பு இல்ல. எனக்காக வாய மூடிக்கிட்டு இருந்தாங்க."

 யாராவது திட்டினால் தேவலை என்று இருந்தது. டெல்ஃபின் குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். கட்டியிருந்ததையே அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"ஏன் மேம்?" என்று பெனிட்டாதான் கேட்டாள்.

"உன்னைப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுது." ஐம்பது நாளாக அவளை நீங்க என்றுதான் கூப்பிட்டு வந்தேன். கவனிக்கும் முன் நீ என்று வந்துவிட்டது.

அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "அப்ப எல்லா கால்ஸையும் மாத்தணும்" என்றாள். பிறகு, மரியாதையாகத்தான்: "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா மேம்?"

மைதானத்தின் மறுகோடியில் தண்ணீர் டேங்க் இருக்கிறது. அதனருகே போய் முதுகைக் காட்டி நின்றேன். பின்னால் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து மெதுவான குரலில் புதுப் பெயர்களை வைத்துக்கொண்டார்கள். நடுவில் டெல்ஃபின் சிரித்தது கேட்டது. என் ஆயுளில் அவ்வளவு நீளமான இருபது நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

பிரின்சிபல் மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். பட்டியலில் கடைசிப் பெயரை எடுத்துவிட்டு டெல்ஃபின் பெயரை எழுதி, கோச் என்ற இடத்தில் என் கையெழுத்தை அடித்தேன். நீங்கள் மேனேஜராகப் போய்த் தண்ணீரும் சாமானும் பாருங்கள் என்றார்கள். மிச்சத்தைத் திரும்பி வந்ததும் பேசுவார்களாம்.

ஆகஸ்ட் 25

தினமும் மாலை அரைமணி நேரம் என் ஏழு பேருக்குக் கும்மி. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. சாய், விடு, தட்டு, எழு, எடு. அமுலுவுக்குத்தான் கை கேட்கவில்லை. சாய்த்ததும் விரல்கள் தானாகக் கொக்கி போட்டுக்கொள்கின்றன. "நீங்க சொல்லிக் குடுத்த கைதான மேம், லேசுல வுடுமா" என்றாள். இன்று நாற்பது தடவையில் முப்பத்தொன்று தட்டினாள்.

டெல்ஃபின் என்னோடு பேசுவதில்லை. வணக்கம் மட்டும் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. திருச்சி

மறுபடியும் ஃபைனல். மறுபடியும் கோவை. நான் கயிற்றுக்கு வெளியே தண்ணீர் பாட்டில் கூடையோடு நின்றேன். பெனிட்டா உள்ளே.

டெல்ஃபின் என்னவோ கூவினாள். எனக்குப் புரியவில்லை. கோவைப் பெண்களோடு சேர்ந்து நானும் பந்து எங்கே போகிறதென்று தேடினேன். பார்த்தபோது அது ஓரத்தில் இருந்தது, எதிரே ஆளே இல்லை. அப்படி இரண்டு தடவை கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தோம். பன்னிரண்டுக்குப் பத்து என்று முன்னால் இருந்தோம்.

கடைசி நிமிடம். போன வருடம் மாதிரியே எங்கள் கோட்டருகே அவர்கள் ஆள் பந்தோடு புகுந்தாள். அமுலு காலோடு சேர்த்து அணைத்துச் சாய்த்தாள். என் தொண்டை வரைக்கும் அந்த வார்த்தை வந்தது. கூடையின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டேன்.

கை தட்டும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தட்டு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அது தெளிவாகக் கேட்டது. அமுலு எழுந்தாள், பந்தை உருவினாள், பின்னால் டெல்ஃபினிடம் போட்டாள். அவள் அதை ஓங்கி உதைத்து மைதானத்துக்கு வெளியே அனுப்பினாள். விசில்.

பதினோரு பேரும் ஓடிப்போய்ப் பெனிட்டாவைத் தூக்கினார்கள். அமுலுவும்தான். டெல்ஃபின் மட்டும் கயிற்றருகே வந்தாள். "தண்ணி, மேம்" என்றாள். கொடுத்தேன். பாதி பாட்டிலைக் குடித்துவிட்டு, மூடியைத் திருகி, கூடையில் எறியாமல் என் கையில் கொடுத்தாள். பிறகு திரும்பி, "அக்கா" என்று கத்திக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் ஓடினாள்.

பொறாமையாக இருந்தது. எழுதி வைத்துவிடுகிறேன்.